கடினம் வினாவுக்கு உரியதா, குழுவுக்கு உரியதா? மூன்று அளவீட்டு முறைகள்

ஒரு வினாவுக்கு ஒரு குழுவில் நூற்றுக்கு எண்பது பேர் சரியாக விடையளித்தால், மரபுத் தேர்வுக் கோட்பாடு அதன் கடினத்தை 0.80 என்று குறிக்கிறது. எண் கூடினால் வினா எளிது என்பது இப்பெயரில் உள்ள பழைய முரண். அதே வினாவைத் திறன் குறைந்த வேறொரு குழுவிடம் கொடுத்தால் அவ்வெண் 0.40 ஆகலாம்; வினாவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

டென்மார்க்கின் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட கணித மாதிரி, தேர்வெழுதுபவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் லாஜிட் என்ற அலகு கொண்ட ஒரே அளவுகோலில் வைக்கிறது. இரண்டும் சமமானால் சரியான விடைக்கான வாய்ப்பு 50 விழுக்காடு. திறன் ஒரு லாஜிட் மிகுந்தால் ஏறத்தாழ 73, இரண்டு மிகுந்தால் 88. ஆனால் ஒரே தேர்வை ஒரே குழு ஒருமுறை முழுமையாக எழுதி முடித்தால், ராஷ் தரும் வரிசையும் வெறும் மொத்த மதிப்பெண் தரும் வரிசையும் ஒன்றேதான். இதை ராஷ் ஆதரவாளர்கள் உரக்கச் சொல்வதில்லை. வெவ்வேறு வினாத்தாள்களைப் பொது வினாக்களால் இணைத்து ஒப்பிடும்போதுதான் அம்மாதிரியின் உண்மையான பயன் தெரிகிறது.

எல்லா வினாக்களும் திறனுள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே கூர்மையுடன் பிரிக்கின்றன என்பது ராஷின் நிபந்தனை. நடைமுறையில் அப்படி அமைவது அரிது. ஆலன் பர்ன்பாம் 1968இல் விரிவாக முன்வைத்த மாதிரிகள் வினாவின் பிரித்தறியும் திறனை, அதாவது அக்கூர்மையை, இரண்டாம் அளவுருவாகவும் (மாதிரி கணிக்கும் எண்; முதலாவது கடினம்), ஊகித்து விடையளிப்பதை மூன்றாம் அளவுருவாகவும் சேர்க்கின்றன. நான்கு தெரிவுகள் உள்ள வினாவில் ஊக அளவுரு 0.25ஐ ஒட்டி இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆனால் அதைக் கணிக்க உதவுபவர்கள் திறன் மிகக் குறைந்த சிலரே என்பதால், ஆயிரக்கணக்கானோர் எழுதாத தேர்வில் அம்மதிப்பு தள்ளாடும். மேலும், ஒரே மொத்த மதிப்பெண் பெற்ற இருவருக்கு வெவ்வேறு திறன் மதிப்பு கிடைப்பதைத் தேர்வெழுதியவருக்கு விளக்குவது எளிதன்று.

பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) பன்னாட்டுத் தேர்வு 2012 வரை ராஷ் வழியில் நின்று, 2015இல் பிரித்தறியும் திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதற்கேற்ற எண்ணிக்கையில் மாணவர்கள் அதை எழுதுகிறார்கள். இருநூறு, முந்நூறு பேரை மட்டும் கொண்ட அறிதிறன் சோதனைக்கு நான் ராஷையே தேர்வேன், அம்மாதிரிக்குப் பொருந்தாத வினாக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகு. மரபு முறை பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே திட்டப் பிழையை, அதாவது மதிப்பெண் எவ்வளவு பிசகியிருக்கலாம் என்ற அளவை, தருகிறது. மற்ற இரண்டிலும், வினாக்கள் குறைவாக உள்ள திறன் மட்டங்களில், குறிப்பாக மிக உயர்ந்தவர்களுக்கும் மிகத் தாழ்ந்தவர்களுக்கும், பிழை எவ்வளவு பெரிது என்பது தனித்தனியே தெரியும்.