பழைய சிஸ்டத்துக்கு எந்த பிரவுசர்: டில்லோவா, நெட்சர்ஃபா, ஃபால்கனா, பயர்பாக்ஸா?

குமரி மாவட்டத்தில் பழைய கம்ப்யூட்டருக்குப் பஞ்சமே இல்லை. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தவை, வாசகசாலையிலும் தேவாலயப் பங்கு அலுவலகத்திலும் உறை போட்டு மூடிவைத்தவை என்று ஊருக்கு நாலைந்தாவது தேறும். மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ சர்வீஸ் கடையில் கொண்டுபோய் வைத்தால், "விண்டோஸ் இழுக்காது மக்கா, லினக்ஸ் போட்டு லைட்டா ஒரு பிரவுசர் வச்சுக்கோ" என்பார்கள். லினக்ஸ் போடச் சொல்வது நல்ல யோசனைதான். "லைட்டா ஒரு பிரவுசர்" என்பதைத்தான் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருக்கும் இரண்டு மெஷின்களை வைத்துப் பேசுகிறேன். ஒன்று, 2 ஜிபி ராம் உள்ள டூயல் கோர் லேப்டாப். இன்னொன்று, ஆட்டம் என்270 சிப் போட்ட நெட்புக். ராம் 1 ஜிபி, 32 பிட் மட்டும். இரண்டிலும் ஓடுவது பழைய மெஷினுக்கென்றே உள்ள ஆன்டிஎக்ஸ் லினக்ஸ். கணக்கில் எடுத்தவை எல்லாம் ஓப்பன் சோர்ஸ் பிரவுசர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி இருந்தால் விளம்பரத் தடுப்பானோடு பயர்பாக்ஸ், படிப்பதற்கு மட்டும் பக்கத்தில் நெட்சர்ஃப். "இலகு பிரவுசர்" என்று பட்டியல்களில் அடிக்கடி வரும் மற்றவை பெரும்பாலும் பெயரளவில்தான் இலகு.

ஏன் என்றால், பிரவுசரில் இரண்டு பாகம் உண்டு. மெனு, பொத்தான், புக்மார்க் எல்லாம் வெளிக்கூடு. பக்கத்தைப் படித்து, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டி, திரையில் வரைந்து காட்டுவது எஞ்சின். ராமைத் தின்பது எஞ்சின்தான். அதிலும் நாம் திறக்கிற பக்கம் எவ்வளவு ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து கொட்டுகிறதோ அவ்வளவு தின்னும். வெளிக்கூட்டை எவ்வளவு செதுக்கினாலும் மிச்சமாவது சொற்பம்.

ஃபால்கனை எடுத்துக்கொள்வோம். 2010-இல் குப்ஜில்லா என்ற பெயரில் தொடங்கி, பிறகு கேடிஈ என்ற ஓப்பன் சோர்ஸ் குழுவுக்குள் வந்து பெயர் மாறியது. பார்க்க அடக்கமாக இருக்கும், விளம்பரத் தடுப்பானும் கூடவே வரும், திறக்கவும் சுருக்காகத் திறக்கும். ஆனால் உள்ளே இருப்பது க்யூடி வெப்எஞ்சின், அதாவது கூகுள் குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் எஞ்சினேதான். நாலு டேப் திறந்து செய்தித்தளம், ஜிமெயில் என்று போனால் குரோமியம் எங்கே மூச்சு வாங்குகிறதோ ஃபால்கனும் கிட்டத்தட்ட அங்கேதான் வாங்கும். இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது: டெபியன் என்ற லினக்ஸில் க்யூடி வெப்எஞ்சினுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதாக டெபியன் குழுவினர் உறுதி சொல்வதில்லை. பொதுப் பயன்பாட்டுக்கு பயர்பாக்ஸையோ குரோமியத்தையோ வைத்துக்கொள்ளச் சொல்லித் தங்கள் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆன்டிஎக்ஸும் டெபியனை ஒட்டித்தான் வருகிறது. அதனால் ஃபால்கனில் பேங்க் வேலை செய்ய எனக்கு மனசு வராது.

மிடோரி பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2007-இல் வந்தபோது உண்மையிலேயே இலகுவானது. ராஸ்பெரி பைக்கே ஒரு காலத்தில் அதுதான் பிரவுசர். பிறகு கைமாறியது, குரோமியத்தை உள்ளே வைத்த எலக்ட்ரானுக்குப் போனது, இப்போது பயர்பாக்ஸ் அடித்தளத்துக்கு வந்துவிட்டது. பழைய பட்டியலை நம்பி இறக்கினால் பழைய பெயரில் வேறு பொருள்தான் கிடைக்கும். குனோம் வெப் பரவாயில்லை. வெப்கிட் எஞ்சின், தமிழ் ஒழுங்காகத் தெரியும், டெபியனில் திருத்தங்களும் தவறாமல் வரும். ஆனால் விளம்பரத் தடுப்பில் பயர்பாக்ஸுக்குக் கிட்டே வராது.

உண்மையான இலகு பிரவுசர்கள் என்றால், சொந்த எஞ்சின் வைத்திருக்கும் டில்லோவும் நெட்சர்ஃபும்தான்.

டில்லோ 1999 டிசம்பரில் பிறந்தது. 2015-க்குப் பிறகு பேச்சுமூச்சில்லாமல் கிடந்து, புதிய கைகளில் 2024-இல் 3.1 பதிப்பாக எழுந்து வந்தது. சொடுக்கியதும் திறக்கும், நெட்புக்கில்கூடக் காத்திருக்கும் வேலையே கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் அறவே இல்லை. பல தளங்களுக்கு அது குறை என்றாலும், வெறும் எழுத்தும் படமும் உள்ள பக்கங்களுக்கு அதுவே வரம். இவ்வளவு இருந்தும் நம்மூர்க்காரருக்கு நான் அதைச் சொல்வதில்லை. காரணம் தமிழ்.

கொல்லங்கோடு என்று ஒரு பக்கத்தில் இருந்தால், ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு டில்லோவில் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பேச்சிப்பாறையில் கேட்கவே வேண்டாம். முதல் எழுத்திலும் சிதறும், கடைசி எழுத்திலும் சிதறும். யூனிகோடில் முதலில் மெய், அடுத்து உயிர்க்குறி என்ற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது திரையில் வரையும் மென்பொருளின் பொறுப்பு. டில்லோ நம்பியிருக்கும் எஃப்எல்டிகே என்ற கருவித்தொகுப்பு, வழக்கமாகக் கிடைக்கும் கட்டமைப்பில், அந்த வேலையைச் செய்யாமல் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. களியக்காவிளைப் பக்கம் மலையாளம் படிக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் உள்ள லினக்ஸ் கையேடுகளைப் புரட்ட டில்லோ தங்கம். தமிழ் படிக்க ஆகாது.

நெட்சர்ஃப் இங்கேதான் ஜெயிக்கிறது. 2002-இல் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காகத் தொடங்கிய திட்டம் இது. லினக்ஸில் இதன் ஜிடிகே வடிவம் எழுத்து வரையும் வேலையை பாங்கோ என்ற மென்பொருளிடம் விடுகிறது. பாங்கோவுக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். அதனால் கொல்லங்கோடு கொல்லங்கோடாகவே வரும். தமிழ் விக்கிப்பீடியாவை இதில் திறந்தால் அலங்காரம் கொஞ்சம் கலைந்திருக்கும், கட்டுரை அப்படியே இருக்கும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்கள் இதற்கென்றே செய்தமாதிரி: ஒரே நீள எழுத்து, ஸ்கிரிப்ட் தொந்தரவு இல்லை. 1 ஜிபி நெட்புக்கை வாசகசாலையில் ஒரு மேசையில் போட்டு, நெட்சர்ஃபில் மதுரைத் திட்டத்தைத் திறந்துவைத்தால் அந்தப் பழைய மெஷினைக் குறை சொல்ல ஆள் இருக்காது. ஒன்று மட்டும் கவனம்: நெட்சர்ஃபிலேயே ஃப்ரேம்பஃபர் என்று இன்னொரு வடிவம் உண்டு. அதை நிறுவினால் தமிழ் மறுபடி டில்லோ கதைதான். ஜிடிகே வடிவமா என்று பார்த்து நிறுவுங்கள்.

நெட்சர்ஃபின் எல்லையும் தெளிவானது. ஜாவாஸ்கிரிப்ட் பேருக்குத்தான் உண்டு. ஐஆர்சிடிசியில் நாகர்கோவில் டிக்கெட் போடுவது, பட்டா சிட்டா எடுப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எதுவும் நடக்காது. கடற்கரை ஊர்களில் கடல் நிலவரம் பார்க்க ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் தளத்தைத் திறக்கிறார்கள். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு இந்த வழக்கம் கூடியிருக்கிறது, இப்போது கள்ளக்கடல் (திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை வேறு. அலை உயரம், காற்று, வரைபடம் என்று வரும் அப்படிப்பட்ட பக்கங்களை நெட்சர்ஃபிடம் ஒப்படைக்கக் கூடாது. எச்சரிக்கைப் பக்கம் அரைகுறையாகத் திறப்பதைவிடத் திறக்காமலே இருப்பது மேல். பாதியைப் பார்த்துவிட்டு முழுசும் இதுதான் என்று நம்பிப் போகிறவர் கடலுக்குள் போகிறார்.

நடுவில் ஒரு ஆள் இருக்கிறார்: பேல் மூன். 2009-இல் பயர்பாக்ஸிலிருந்து கிளை பிரிந்தது, பிறகு கோயன்னா என்ற சொந்த எஞ்சின் வழியில் போனது. தோற்றம் பழைய பயர்பாக்ஸ் மாதிரியே, மெனு பாருடன். 1 ஜிபி மெஷினில் பயர்பாக்ஸைவிட ஓடும், தமிழும் சரி, ஜாவாஸ்கிரிப்டும் உண்டு. வீட்டு வேலைக்குப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பெரிய தளங்கள் புதிய குரோமையும் பயர்பாக்ஸையும் மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. "நீங்கள் மனிதர்தானா" என்று சோதிக்கும் கிளவுட்ஃபிளேர் திரையிலேயே பேல் மூன் சிக்கி நின்ற சங்கதி 2025 தொடக்கத்தில் பலருக்கும் நடந்தது. பழைய பாணியில் ஒரு பிரவுசரைத் தொடர்ந்து கட்டிக்காக்கும் அந்தச் சிறு குழு மேல் எனக்கு மரியாதை உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அதை நம்பி உட்கார மாட்டேன்.

இனி பயர்பாக்ஸ். "அதுதான் யானை மாதிரி ஆச்சே" என்பார்கள். வெறும் பயர்பாக்ஸ் யானைதான். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுவிட்டுப் பாருங்கள். சாதாரணத் தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றில் செய்தி பத்து வரி இருக்கும். சுற்றி விளம்பரம், பின்தொடரும் ஸ்கிரிப்ட், தானாக ஓடும் வீடியோ. யூபிளாக் அவற்றை இறக்கும் முன்பே நிறுத்திவிடுவதால் எஞ்சினுக்கு வேலையே வருவதில்லை. ஃபால்கனில் தடுப்பான் இல்லையா என்றால் இருக்கிறது, இந்த அளவு நுணுக்கம் இல்லை. கூகுள் குரோமோ எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி முழு யூபிளாக்கை வெளியே அனுப்பிவிட்டது; அங்கே குறைந்த பலமுள்ள லைட் வடிவம்தான். பழைய சிஸ்டத்தில் பயர்பாக்ஸ் முந்துவது இந்த ஒரே காரணத்தால் என்றுகூடச் சொல்வேன்.

கூடவே சில சின்ன வேலைகள். மெனுவில் மோர் டூல்ஸ், அதற்குள் டாஸ்க் மேனேஜர் போனால் எந்த டேப் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஒரே ஒரு டேப்தான் குற்றவாளி. அதை மூடினால் மொத்த சிஸ்டமும் பெருமூச்சு விடும். ஸ்வாப்புக்கு (ராமில் இடம் போதாதபோது மிச்சத்தை வைக்கும் இடம்) ஸீராம் போட்டுக்கொண்டால், ராம் நிரம்பும்போது ஹார்டுடிஸ்க் கரகரவென்று ஓடுவது குறையும். ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் யூபிளாக்கோடு நிற்கட்டும். இன்னொன்று வேண்டுமானால் யூடியூபுக்கு ஹெச்264ஐஃபை. யூடியூப் வழக்கமாகத் தருவது விபி9 வகை வீடியோ. அதைப் பிரிக்கும் வன்பொருள் அந்தக் காலச் சிப்புகளில் கிடையாது, முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழும். இந்த எக்ஸ்டென்ஷன் ஹெச்.264 வகையைக் கேட்டு வாங்கும். ஃபேன் சத்தமே வித்தியாசம் சொல்லும்.

ராமை 4 ஜிபி ஆக்கப் பழைய சந்தையில் ஒரு துண்டு கிடைத்தால், பிரவுசர் மாற்றுவதைவிட அது எத்தனையோ மடங்கு பலன். கடற்கரை ஊர் என்றால் அதற்கு முன்னால் ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் பச்சை பிடித்து, இருக்கிற ராமில் பாதியைக் காட்டாத மெஷின்கள் உண்டு.

விண்டோஸிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு கதவை மூடிவிட்டது, அது 2023. பயர்பாக்ஸில், நீண்ட காலம் திருத்தம் பெறும் ஈஎஸ்ஆர் பதிப்புகளில் 115 ஈஎஸ்ஆர்தான் கடைசி வரிசை. அதற்கான திருத்தங்களை மோசில்லா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்தது என்றாலும் அது கடனில் ஓடும் காலம்தான். எக்ஸ்பி வரை ஓடும் சூப்பர்மியம் என்ற குரோமியம் கிளை இருக்கிறது. தளங்கள் நன்றாகத் திறக்கும். ஆனால் கீழே இருக்கும் எக்ஸ்பியே ஓட்டைப் பாத்திரம், அதில் ஓடிபி தட்டுவது உங்கள் துணிச்சல்.

32 பிட் மெஷின்காரர்களுக்குத்தான் நிலைமை நெருக்கடி. கூகுள் 2016-இலேயே 32 பிட் லினக்ஸுக்கு குரோம் தருவதை நிறுத்தியது. பயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. 140 ஈஎஸ்ஆர் வரிசைக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரை திருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. ஆக, என் நெட்புக் போன்றவற்றில் இனி பணம், ஓடிபி, ஆதார் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம்; அதற்கு போன் இருக்கிறது. ஆனால் உங்கள் லேப்டாப் 32 பிட்தான் என்று சர்வீஸ் கடையில் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். 2011-ஐ ஒட்டி வந்த பல லேப்டாப்களில் 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தாலும் உள்ளே சிப் 64 பிட்டாக இருக்கும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, எல்எஸ்சிபியு என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டினால் முதல் சில வரிகளிலேயே விடை வரும். 32, 64 இரண்டும் காட்டினால் 64 பிட் ஆன்டிஎக்ஸை இறக்கிக்கொள்ளலாம். 32 மட்டும் என்றால் நெட்சர்ஃபும், யூடியூபுக்கு எம்பிவி பிளேயரும் போதும். ஒய்டி-டிஎல்பி என்ற கருவியும் கூட இருந்தால், வீடியோவின் முகவரியைக் கொடுத்ததும் பிரவுசரே இல்லாமல் எம்பிவி ஓட்டும். 360பி தரத்தில், ஹெச்.264 வகையில் வைத்தால் ஆட்டம் சிப்பே சமாளித்துவிடும்.