மலைவீதி மிட்ஜெட்டுக்கு எது சரி: அளவான டியூனா, ரேஸ் டியூனா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி. மிட்ஜெட்டின் 1275 சிசி எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். கம்பனி அளவிலேயே திரும்பக் கட்டுவதா, கொஞ்சம் பலம் கூட்டுவதா, இல்லை போட்டிக் கார் மாதிரி அடியோடு மாற்றுவதா? நான் நடுவில் உள்ளதை எடுத்தேன். பண்டாரவளையில் இருக்கும் நண்பர் கடைசி வழிக்குப் போனார். இரண்டு கார்களுக்கும் ஒரே கியர்பொக்ஸ், ஒரே டயர் அளவு. இரண்டையும் ஹட்டன், நானுஓயா, ரம்பொடை வீதிகளில் மாறி மாறி ஓட்டியிருக்கிறோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

கம்பனி அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 65 குதிரை வலு, அதுவும் கடல் மட்டத்துக் காற்றில். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, வலுவும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். கையில் மிஞ்சுவது 54, 55 தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் அது போதும். ஆனால் போர் அடிப்பது (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது), கிராங் கடைவது, பெயரிங், ரிங், கூலி எல்லாம் எந்த வழியில் போனாலும் அநேகமாக ஒன்றுதான். பிஸ்டன், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), சிலிண்டர் ஹெட் வேலை ஆகியவற்றில்தான் செலவு பிரிகிறது. முழு எஞ்சினையும் பிரித்த பிறகு அந்த மிச்சப் பணத்துக்காகப் பின்வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எதைத் தேர்ந்தாலும் விடக்கூடாத வேலை ஒன்று உண்டு. எக்ஸோஸ்ட் வால்வுக்குக் கடின உலோக சீட் போட வேண்டும். 2002இல் இங்கே ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் சீட்டுகள் ஈயம் இருந்த காலத்துக்காகச் செய்யப்பட்டவை. மலை ஏறும் சுமையில் அவை சீக்கிரம் குழிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் எஞ்சின் 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) போர் அடித்து 1293 சிசி ஆனது. கேம் கென்ட் கம்பனியின் 266; இந்த இலக்கம் கூடக் கூட வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். ஹெட்டைக் கொஞ்சம் இழைத்து அமுக்க விகிதத்தை 8.8இலிருந்து 9.5க்குக் கொண்டுவந்தோம். இரட்டை எஸ்.யு. காபரேட்டர்கள் அப்படியே இருக்கின்றன. நண்பருடையது 73.5 மில்லிமீற்றர் பிஸ்டனுடன் 1380 சிசி, கென்ட் 286 கேம், பக்கவாட்டில் ஒரு வெபர் 45 காபரேட்டர், எடை குறைத்த ஃபிளைவீல். காகிதத்தில் ஒப்பிட்டால் அவருடையதுதான் முன்னால் நிற்கும். நேர் வீதியில், நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல், என் கார் அதன் பக்கத்தில்கூட வராது. அந்தச் சத்தத்துக்கும் நிகர் கிடையாது.

ஆனால் நம் வீதி நேர் வீதி இல்லையே. கேம் வாங்கும் முன் என் கராஜ் ஐயா கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, ரெண்டாம் கியர்ல வளைவுல திரும்பும்போது எஞ்சின் எத்தனை சுத்துல நிக்குது?" உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டிஃப் (பின் அச்சின் டிஃபரென்ஷியல்) விகிதம் 3.9, 145 அகல 13 அங்குல டயர், இரண்டாம் கியரின் விகிதம் 1.916. அப்படியானால் 1000 சுற்றுக்கு மணிக்கு 14 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ரம்பொடையின் கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து பஸ் இறங்கி வரும்போது, 25க்கு மேல் போக முடியாது. அதாவது சுமார் 1800 சுற்று. 286 போன்ற கேம் 3000ஐ நெருங்கும்போதுதான் விழிக்கிறது.

காரணம் எளிது. பெரிய கேமில் உள்வால்வு மிகவும் தாமதமாக மூடும். வேகமாகச் சுற்றும்போது, உள்ளே பாய்ந்து வரும் கலவையின் வேகமே அதைத் தொடர்ந்து சிலிண்டருக்குள் தள்ளும். 1800இல் அந்த வேகம் இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது, ஏற்கெனவே உள்ளே போன கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். வெபரின் வாயில் பெற்றோல் புகையாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செலவழித்து ஏற்றிய அமுக்கமும் அந்த இடத்தில் கைக்கு வராது. நண்பரின் கார் வளைவில் இரண்டு முறை இருமி, தயங்கி, பிறகு திடீரென்று பாயும். நனைந்த வீதியில் பின்சக்கரம் வழுக்குவதும் அந்தப் பாய்ச்சலில்தான்.

முதலாம் கியருக்கு இறக்கினால் அதே 25இல் 3000 சுற்று கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் இந்தக் கியர்பொக்ஸில் முதலாம் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓட்டத்தில் கியரை இலகுவாகச் சேர்க்க உதவும் அமைப்பு, கிடையாது. ஓட்டத்தில் இறக்க வேண்டுமானால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எஞ்சினைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு வளைவுக்கு அது சுகமான வேலை. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை வளைவுக்கு வளைவு செய்வது வேறு கதை. செய்யாவிட்டால் கிளட்சைப் பாதி மிதித்தபடி பிடித்து இழுக்க வேண்டும், கிளட்ச் தட்டு தேயும். எடை குறைத்த ஃபிளைவீல் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது எஞ்சின் பட்டென்று நின்றுபோகிறது.

266இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1500இலிருந்தே இழுக்கும். கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போனாலும் பிளக் கறுப்பதில்லை. உச்சத்தில் 6000க்கு மேல் மூச்சு வாங்கும் என்பது உண்மைதான். மலைவீதியில் நான் அங்கே போவதே அரிது.

அமுக்க விகிதத்திலும் அளவு தேவை. மெல்லிய காற்றில் 10.5 வைத்தாலும் எஞ்சின் தட்டாது (கலவை தானாக வெடித்துச் சத்தமிடாது), உயரம் அதற்குத் துணை நிற்கும். அதே கார் கொழும்புக்கு இறங்கினால் வெக்கை, அடர்ந்த காற்று, நெரிசல் எல்லாம் சேர்ந்து தட்டத் தொடங்கும். 95 ஒக்டேன் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் மலையகத்துச் சிறு ஊர்களில் 95 எப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. 9.5 என்றால் பிளக் பற்றவைக்கும் டைமிங்கைக் கொஞ்சம் பின்னே தள்ளி 92இலும் ஓட்டலாம்.

காபரேட்டரும் அப்படித்தான். நுவரெலியாவில் சரி செய்த கலவை கொழும்பில் மெலிந்துபோகும். எஸ்.யு.வில் அடியில் உள்ள ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கலவை தடிக்கும், மலைக்குத் திரும்பினால் மேலே ஏற்ற வேண்டும். இரண்டு காபரேட்டரிலும் ஒரே அளவு திருப்ப வேண்டும், ஒரு ஸ்பேனர் போதும். வெபருக்கு ஜெட்டையே கழற்றி மாற்ற வேண்டும், ஜெட் செட் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது 2022இல் ரூபா விழுந்த பிறகு சின்னச் செலவல்ல.

எஞ்சினுக்கு வெளியே ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேமுக்கு அடுத்தபடி அதிகம் உதவியது அதுதான். மிட்ஜெட்டின் டிஃபும் மொறிஸ் மைனர் காரின் டிஃபும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 1098 சிசி மைனரில் இருப்பது 4.22. மைனர் வைத்திருப்பவர்கள் நேர் வீதி வேகத்துக்காக மிட்ஜெட்டின் 3.9ஐத் தேடுகிறார்கள், மலையில் ஓடும் மிட்ஜெட்டுக்கு அவர்களுடைய 4.22தான் வேண்டும். மாற்றிக்கொண்டால் இரு பக்கத்துக்கும் லாபம். ஒவ்வொரு கியரிலும் இழுவை 8 சதவீதம் கூடுகிறது, அந்த 1800 சுற்று 1950ஐத் தொடுகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். எனக்கு அது பரவாயில்லை.

ஜப்பான் எஞ்சின் போடலாமே என்று பலர் சொல்வார்கள். நிசான் ஏ12, ஏ15 போன்றவை கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் அகப்படும், ஐந்து கியர் பொக்ஸும் சேர்ந்தால் ஓட்ட நன்றாகவே இருக்கும். அப்படி மாற்றிய கார் ஒன்றைக் கொஞ்ச தூரம்தான் ஓட்டியிருக்கிறேன், நீண்ட நாள் பராமரிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆனால் எஞ்சின் இலக்கம் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும், விற்கும்போது வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் அந்த இலக்கத்தைத்தான்.

ரேஸ் டியூனுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி மாதிரி, எதிரே வாகனம் வராத மூடிய வீதியில், தொடக்கம் முதல் முடிவு வரை சுற்றை இறங்க விடாமல் ஓட்டுபவருக்கு 286தான் சரி. அங்கே என் எஞ்சினை நிறுத்தினால் அவமானப்படும்.

எந்தக் கேம் என்றாலும் முதல் ஸ்டார்ட்டில் கவனம் வேண்டும். புதுக் கேமும் அது தள்ளும் டப்பெட்டும் ஒன்றோடொன்று பழக, முதல் 20 நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட வேண்டும், ஐட்லில் விடவே கூடாது. எண்ணெயில் சிங்க் (துத்தநாகம்) போதுமான அளவு இருக்க வேண்டும், இப்போதைய கார்களுக்கான எண்ணெய் பலவற்றில் அது குறைவு. தண்ணீர், எண்ணெய், டைமிங் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

நண்பர் இப்போது 1380 பிளொக்கை அப்படியே வைத்துக்கொண்டு கேமை மட்டும் 266க்கு மாற்றப் போகிறார். பெரிய சிலிண்டரும் சிறிய கேமும் சேர்ந்தால் கீழ்ச் சுற்றில் என்னுடையதை விடவே நன்றாக இழுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓட்டிப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.