தடாவா, நாகலாபுரமா? இருவர் ஒரு பைக்கில் நீந்தப் போகும்போது

சென்னையிலிருந்து காலையில் பைக்கில் கிளம்பி, மலைக்குள் இருக்கும் மடு ஒன்றில் நீந்திவிட்டு அன்றே வீடு திரும்ப நினைக்கும் நண்பர்களின் பேச்சில் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று, பக்கத்து ஊரின் பெயரால் தடா என்று நாம் சொல்லும் உப்பலமடுகு அருவி. மற்றொன்று, ஊத்துக்கோட்டையைத் தாண்டி உள்ள நாகலாபுரம். இரண்டும் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80, 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. எனவே தூரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பின்னால் உட்கார்ந்து வரும் நண்பருக்கு நீந்தத் தெரியுமா என்பதை வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தடாவுக்குச் செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலை அகலமானது, வேகமானது. ஆனால் கும்மிடிப்பூண்டி வரை கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஓட்டுவதில் பயணத்தின் சுவை ஏதும் இல்லை. வரதய்யபாளையத்தை ஒட்டிப் பிரிந்து காட்டை நோக்கிச் செல்லும் கடைசிப் பகுதி கரடுமுரடானது என்பதால், இருவர் ஏறிய வண்டி சில இடங்களில் தடுமாறும். பின்னால் இருப்பவர் இறங்கி நடந்துவிடுவது நல்லது. நாகலாபுரம் சாலை இதற்கு நேர்மாறு. ஜனப்பன்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பள்ளிகொண்டீஸ்வரர் சயனித்திருக்கும் சுருட்டப்பள்ளி என்று ஊர் ஊராகக் கடந்து செல்லலாம்; ஆரணியாறும் வழியில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும். ஆந்திரத்தில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால், எந்த வழியானாலும் எல்லைக்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்வது சிக்கனம்.

நீர் என்று வந்துவிட்டால் என் ஓட்டு நாகலாபுரத்துக்கே. ஆரை கிராமத்து அணைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடையைப் பிடித்து மேலே நடந்தால், ஒன்றன்பின் ஒன்றாக மடுக்கள் வருகின்றன. குவார்ட்சைட் பாறைகளுக்கு நடுவே தேங்கும் நீர், மழை ஓய்ந்த நாட்களில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். ஆபத்தும் அந்தத் தெளிவில்தான் இருக்கிறது. இடுப்பளவு என்று கண்ணுக்குத் தோன்றும் இடம் ஆளை விழுங்கும் ஆழமாக இருக்கும். கரைப்பாறை நீருக்குள் சரிந்து இறங்கும் இடத்தில், ஈரக்கோட்டுக்குச் சற்றுக் கீழே படிந்திருக்கும் மெல்லிய பாசியில் கால் வைத்தால் வழுக்கி நேராக நடு மடுவுக்குப் போய்விட நேரும். வெள்ளம் பாறைகளை உருட்டிவிடும் என்பதால், சென்ற ஆண்டு தலைகீழாகக் குதித்த இடத்தில் இந்த ஆண்டும் குதிப்பது அறிவுடைமை அன்று. இருவர் மட்டும் போயிருந்தால் ஒருவர் நீரில் இருக்கும்போது மற்றவர் கரையில் இருக்க வேண்டும். உதவி கேட்டுக் கூப்பிடலாம் என்றால் செல்பேசியில் சிக்னல் இருக்காது.

உப்பலமடுகில் ஓடையோரத்தில் கால் நனைத்து உட்காரத்தக்க ஆழமற்ற இடங்கள் உண்டு. வழியில் சித்தேஸ்வரர் கோயிலும் உண்டு. வார இறுதிகளில் கூட்டம் இருக்கும், அதோடு சேர்ந்த குப்பையும் இருக்கும். தனிமை தேடிச் செல்பவருக்கு அது எரிச்சல். நீந்தத் தெரியாத நண்பரை அழைத்துச் செல்பவருக்கோ, நாலு பேர் பக்கத்தில் இருப்பது ஒரு தைரியம். ஆனால் அருவி விழும் இடத்து மடு ஆழமானது. அங்கே அந்த நண்பரை இறங்கவிடக் கூடாது.

இரண்டுக்கும் ஏற்ற பருவம் ஒன்றே. வடகிழக்குப் பருவமழை தணிந்த பிறகு, டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். மழை நாட்களில் போகவே வேண்டாம். நாம் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட விழாதபோதும் மேல்மலையில் பெய்த மழை சட்டென்று இறங்கி வரும். தெளிந்த நீர் கலங்கிச் சருகுகளை இழுத்து வரத் தொடங்கினால், துணியையும் பையையும் தேடிக்கொண்டிராமல் மேட்டில் ஏறிவிட வேண்டும்.

வனத்துறை இவ்விடங்களுக்குள் செல்ல அவ்வப்போது தடை விதிப்பதுண்டு. நாகலாபுரத்தில் உள்ளே விடவில்லை என்றால் காவலரிடம் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வந்த சாலையிலேயே புத்தூர் நோக்கி மேற்கொண்டு போய்ச் சற்றே பிரிந்தால் கைலாசகோனா வந்துவிடும். அங்கே நீச்சலுக்கு இடமில்லை. அருவியில் தலையைக் கொடுத்துக் குளிக்கலாம், அவ்வளவுதான்.