நூதனசாலையா, சப்புமல் வீடா?

பிள்ளை ஓ.எல்லுக்குச் சித்திரம் படிக்கிறாள். கொழும்பில் ஒரு பகல்தான் கிடைக்கும். எங்கே கூட்டிக்கொண்டு போவது? கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, அன்றிரவே திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. மகளோடு இரண்டு இடமும் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

தேசிய நூதனசாலை தெரியாதவர்கள் இல்லை. 1877இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் திறந்த வெள்ளைக் கட்டடம், கண்டி அரசனின் சிம்மாசனம், பொலன்னறுவை நடராசர் வெண்கலம். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த காலிக் கல்வெட்டும் அங்கேதான். விகாரமகாதேவி பூங்கா நடைதூரம். சிம்மாசனம் பார்க்காமல் வந்தால் கொழும்பு போனதாகவே எங்கள் ஊரில் கணக்கெடுக்கமாட்டார்கள். வரலாறு படிக்கிற பிள்ளை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

சித்திரம் படிக்கிற பிள்ளைக்கு என் வாக்கு பார்ன்ஸ் பிளேசில் இருக்கிற சப்புமல் பவுண்டேசனுக்கு. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943இல் தொடங்கிய, நவீன ஓவியர்களின் '43 குழுவில் அவரும் ஒருவர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் என்று அந்தக் குழுவினரின் மூலப் படங்கள் அறை அறையாகத் தொங்குகின்றன.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம்: கிட்ட நின்று பார்க்கலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கீற் என்றால் புத்தகத்தில் முத்திரை அளவில் ஒரு படம். அதில் கோடு தெரியும், வர்ணம் ஏறக்குறையத் தெரியும், அவ்வளவுதான். இங்கே தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டது, வர்ணம் எங்கே தடித்து நிற்கிறது, எங்கே துணி தெரிகிற அளவுக்கு மெலிந்து போகிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடும். ஒரு படத்தின் முன்னால் மகள் கன்னத்தைச் சுவரோடு வைக்காத குறையாகச் சாய்ந்து நின்று பக்கவாட்டில் பார்த்தாள். வர்ணத்தின் மேடுபள்ளம் அப்படிப் பார்த்தால்தான் தெரியும். நூதனசாலையில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற சாமான்களோடு இந்தப் பழக்கம் வராது. அவற்றின் பெருமை வேறு.

இன்னொரு வசதி, பொரளை கோதமி விகாரை ஓட்டோவில் கொஞ்சத் தூரம்தான். புத்தர் வாழ்க்கையைக் கீற் அங்கே சுவர் முழுக்க வரைந்திருக்கிறார். செருப்பைக் கழற்ற வேண்டும், உடுப்பும் கோயிலுக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

சப்புமலின் குறையையும் சொல்லவேண்டும். அது எல்லா நாளும் திறக்கிற இடம் இல்லை. பஸ்ஸுக்குச் சீற் போடுவதற்கு முதல் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். ஓவியர்களின் பெயர்களையும் பிள்ளை படித்துக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும்.

கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கடைத்தொகுதியில் இருக்கிற நவீன, சமகாலக் கலை நூதனசாலையை நான் அவசரத்தில்தான் சுற்றினேன், தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு இல்லை. அனுமதிக் கட்டணம் இல்லை, விளக்கங்கள் தமிழிலும் உண்டு. ஆனால் அங்கே கண்காட்சிகள் மாறிக்கொண்டிருக்கும், பாடத்தில் வருகிற படம்தான் இருக்கும் என்று நம்பிப் போக ஏலாது. ஏ.எல்லிலும் சித்திரம் எடுக்கப் போகிற பிள்ளைக்கு அது கூடப் பொருந்தலாம்.