மீன் தொட்டித் தண்ணீர் தெளிய: கேனிஸ்டரா, ஹேங்-ஆன் ஃபில்டரா?

100 லிட்டர் தொட்டியில் இரண்டு வருடம் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நின்று, குழாய் வழியே தண்ணீரை இழுத்துச் சுத்தம் செய்யும் மூடிய டப்பா ஃபில்டர்) ஓட்டினேன். அதைக் கழற்றிவிட்டு, விளிம்பில் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டருக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. தண்ணீரில் மிதக்கும் தூசுதான் என் பெரிய கவலை, அதை வைத்தே சொல்கிறேன்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் குஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் அருமையானது. ஆனால் ஏர் பம்ப்பின் குமிழி தூக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடும் என்பதால், நுண்ணிய தூசு பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும். கேனிஸ்டரின் பலம் எல்லோருக்கும் தெரியும்: உள்ளே ஸ்பாஞ்ச், பஞ்சு போன்றவற்றுக்கு இடம் அதிகம், சத்தம் குறைவு.

சரி, பிறகு ஏன் மாறினேன்? கழுவுகிற வேலைக்காகத்தான். ஃபில்டரில் சிக்கிய அழுக்கு தொட்டியை விட்டுப் போய்விட்டதாக நினைக்கிறோம். போகவில்லை. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அதே தண்ணீரில் ஊறி அழுகி, அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட்டாகத் தொட்டிக்கே திரும்புகின்றன. கையால் வெளியே எடுத்தால்தான் சுத்தம். கேனிஸ்டர் என்றால் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, கனமான டப்பாவைத் தூக்கிப்போய்க் கழுவி, ரப்பர் வளையத்தைப் பொருத்தி, மறுபடி தண்ணீர் ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். அதனால் ஒருமுறை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். திறந்து பார்த்தால் அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பழுப்புச் சேறு. தொட்டியோ கண்ணாடி மாதிரி இருந்தது. நைட்ரேட் சோதனைக் குழாய்தான், அளவு ஏறிப்போனதைக் காட்டி, அடர் சிவப்பாக நின்றது.

ஹேங்-ஆனில் மூடியைத் தூக்கி, பஞ்சை மாற்ற இரண்டு நிமிடம் போதும். வாரம் இரண்டு முறை மாற்றுகிறேன். உள்ளே தண்ணீர் கடக்கும் வரிசை இது: முதலில் கரடான ஸ்பாஞ்ச், அடுத்து மெல்லிய வெள்ளைப் பஞ்சு, கடைசியில் செராமிக் வளையங்கள். எறிவது பஞ்சை மட்டுமே. ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரில்தான் அலசுவேன்; குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா செத்துப்போகும். அப்புறம், பஞ்சு அடைத்துக்கொண்டால், ஃபில்டரிலிருந்து தொட்டிக்குள் விழும் அருவி மெலிவது கண்ணுக்கே தெரியும். கேனிஸ்டருக்குள் நடப்பது அப்படித் தெரியாது.

குறையும் உண்டு. தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் சலசலப்பு கேட்கும். குஞ்சு மீன் இருந்தால் உறிஞ்சு குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம்.

எல்லாக் கலங்கலும் தூசு இல்லை. புதுத் தொட்டியில் பால் போல வெளுப்பது பாக்டீரியா பெருக்கம். பெரும்பாலும் சில நாளில் தானே தெளியும். பச்சையாக மாறினால் அது பாசி. அதற்குப் பஞ்சைவிட யூவி விளக்கு பொருத்திய கருவிதான் கைகொடுக்கும்.

300 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியை நான் பராமரித்ததில்லை. அந்த அளவுக்குக் கேனிஸ்டரே தோதாக இருக்கலாம். அதனால் பழையதை விற்காமல் வைத்திருக்கிறேன். என்றாவது பெரிய தொட்டி வைத்தால், அந்தக் கேனிஸ்டரின் உறிஞ்சு குழாய் வாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டி, வாரந்தோறும் அதை மட்டும் கழற்றிப் பிழிவேன்.