ரீசெட்டா, பென்டிரைவா?

லேப்டாப் ஆன் ஆவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற நிலைமை வந்துவிட்டால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது நல்லது. அதற்கு வழி இரண்டு. செட்டிங்ஸிலேயே இருக்கும் ரீசெட் ஒன்று. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, டிஸ்கைக் காலி செய்துவிட்டுப் போடுவது மற்றொன்று.

ரீசெட்டில் டிரைவர் (வைஃபை, டிஸ்க் மாதிரி பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) தேடும் வேலை பெரும்பாலும் இருக்காது. ஆனால் லோக்கல் ரீஇன்ஸ்டால் கொடுத்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபைல்களை வைத்துத்தான் விண்டோஸ் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். அவையே கெட்டிருந்தால் பாதியில் நின்று, 'எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று கைவிரித்துவிடும். மைக்ரோசாஃப்டிடமிருந்து விண்டோஸைப் புதிதாக இறக்கிக்கொள்ளும் கிளவுட் டவுன்லோட் அதைவிட மேல். சுமார் 4 ஜிபி இறங்கும். தினம் 2 ஜிபி பேக்கில் ஹாட்ஸ்பாட் போடுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் கம்பெனி திணித்த ட்ரையல் ஆன்டிவைரஸ் மாதிரி சமாச்சாரங்களும் சில சமயம் கூடவே திரும்பி வரும். எனக்கு அதுதான் எரிச்சல்.

பென்டிரைவ் வழியில் அந்தக் குப்பை வராது. குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். விண்டோஸை அதில் ஏற்றித் தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் லைசென்ஸ் கீ பெரும்பாலும் பயாஸிலேயே (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிந்திருக்கும், கேட்டால் 'கீ இல்லை' என்று தாண்டிவிடலாம்.

சிக்கல் அப்புறம்தான். அக்காவின் லேப்டாப்பில் எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரை வந்தது, பட்டியல் காலி. உள்ளே இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டி போய்விட்டதோ என்று பயந்தே போனேன். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்து வந்த பல லேப்டாப்புகளில், டிஸ்கைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கும். அதற்கான டிரைவரைக் கொடுத்தால்தான் டிஸ்க் கண்ணில் படும். நான் அந்த டிரைவரை இஎக்ஸ்இ ஃபைலாகவே பென்டிரைவில் போட்டிருந்தேன். அந்தத் திரையில் இருக்கும் 'லோட் டிரைவர்' பட்டன் அதைச் சீண்டவே இல்லை. வேறு கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைப் பிரித்து, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் காட்டியதும் டிஸ்க் வந்து நின்றது. வைஃபை டிரைவரையும் அப்படியே எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 செட்டப் இன்டர்நெட் கேட்டு அடம்பிடிக்கும்.

டிஸ்க் தெரிந்ததும் கை பரபரக்கும், பொறுங்கள். அங்கே சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. பெரும்பாலும் பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதி) எண்ணும் அளவும்தான். எல்லாவற்றையும் டெலீட் அடித்தால், டி டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோவும் சேர்ந்து போகும். பேக்கப் எடுக்காமல் இந்தத் திரைக்கே வராதீர்கள்.

வைரஸ் புகுந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, புது எஸ்எஸ்டி மாட்டியது: இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பென்டிரைவ்தான். வெறுமனே மந்தமாக இருக்கிறது என்றால் கிளவுட் ரீசெட்டை ஒருமுறை பார்த்துவிடலாம், தப்பில்லை.

லேப்டாப்பை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கதை தலைகீழ். பழைய ஹார்டு டிஸ்கில் பார்ட்டிஷனை டெலீட் செய்வதால் ஃபைல்கள் உண்மையில் அழிவதில்லை. ரெகவரி சாஃப்ட்வேர் இருப்பவர் தோண்டி எடுத்துவிடுவார். ரீசெட்டில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, டேட்டாவைச் சுத்தம் செய்யும் ஆப்ஷனையும் ஆன் செய்யுங்கள். பல மணி நேரம் ஓடும், சார்ஜரைக் கழற்றாதீர்கள்.