மாடு மேய்ந்த வில்லங்கம்

11 பக்க வில்லங்கச் சான்றில் எனக்கு மிஞ்சியது மூன்றே முக்கால் பக்கம். மீதியைக் கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில் ஒரு செவலைப் பசு தின்றுவிட்டது. நிஜ லண்டனுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை.

விமானம், டாக்சி, பெங்களூர் நெடுஞ்சாலை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, விடுங்கள். அப்பா பெயரில் உள்ள காலி மனைக்கு 30 வருடத்து வில்லங்கம் தேவைப்பட்டது. முன்பு இதற்கு எத்தனை நடை நடந்தோம் என்று உங்களுக்கே தெரியும். இப்போது ஜெராக்ஸ் கடைப் பெண் பதிவுத்துறை இணையதளத்தைத் திறந்து, பத்து நிமிடத்தில் அச்சிட்டு, மூலையில் பின் அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வியப்பில்தான் கோட்டைவிட்டேன்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் பெங்களூரா மாங்காயைக் கீற்றுப் போட்டு மிளகாய்த்தூள் தூவிக் கொண்டிருந்தார்கள். மஞ்சப்பையை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுச் சில்லறை தேடினேன். திரும்பினால் பைக்குள் ஒரு தலை. அரை டஜன் வாழைப்பழம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அடுத்தது காகிதம். சுவரொட்டிப் பசைக்குப் பழகிய நாக்குக்கு அது அப்பளம் மாதிரி. ஒரு முனையை நான் இழுக்க, மறுமுனையை அது விடவில்லை. 1998இல் பதிவான ஒரு கிரயம் என் கண்ணெதிரே உள்ளே போனது. டீக்கடையில் ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

ஜெர்சிக் கலப்பு, ஒரு வகையில் எங்கள் இங்கிலாந்துப் பக்கத்து ஜெர்சித் தீவின் இனம். காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை. இங்கிலாந்தில் மாட்டுக்குப் பாஸ்போர்ட்டே உண்டு, பண்ணை மாறினால் பதிவு செய்தாக வேண்டும். அந்தத் திமிரில் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் போய் நின்றேன்.

“இது தடுப்பூசிக் கணக்குக்கான எண் சார். மேய்வதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை. மாடு இப்போது எங்கே?”

“லண்டன்பேட்டையில்.”

“அது அங்கேயே நின்றுகொண்டிருக்காதே, சார்.”

சின்ன வயதில் தெருவில் திரிகிற மாட்டைப் பவுண்டில் அடைப்பார்கள். இப்போது பவுண்டு என்றால் எனக்குச் சம்பளம்தான் நினைவுக்கு வருகிறது.

டீக்கடைக்காரர் காது வில்லையையெல்லாம் பார்க்கவில்லை. கொம்பைப் பார்த்தே யார் வீட்டு மாடு என்று சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். விடியலில் கறந்து அவிழ்த்துவிட்டால் சாயங்காலம் தானாக வாசலுக்கு வந்து நிற்குமாம். சொந்தக்காரப் பாட்டி முந்தானையை இழுத்துச் செருகியபடி ஓடிவந்தார். நஷ்டஈடு பற்றிப் பேச வாயெடுத்தேன்.

“பிளாஸ்டிக் கவர் ஏதாவது உள்ளே போனதா கண்ணு?”

முந்தைய மாட்டின் வயிற்றை அறுத்து டாக்டர் எடுத்த பைகளைக் கைகளை அகட்டிக் காட்டினார். தமிழ்நாட்டில் தடை வந்தது 2019இல்; எதிர்ச் சாக்கடையோரம் அன்றைக்கும் பைகள்தான் குவிந்து கிடந்தன. துணிப்பை என்றதும் மூச்சுவிட்டார். உடனே அடுத்த கேள்வி: “பின் அடித்திருந்ததா?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கம்பித் துண்டு இரைப்பையைக் குத்தினால் மாடு பிழைப்பது கஷ்டம் என்றார். கையிலிருந்த கிழிசல்களை பெஞ்சில் பரப்பினேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. நான்தான் தேட வேண்டியிருந்தது. எச்சிலில் ஊறிய மூன்றாவது தாளின் மூலையில் பின் வளையாமல் இருந்தது. அதைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.

நஷ்டஈட்டை நான் மறுபடி எடுக்கவில்லை. அவர் சாயங்காலம் ஒரு சொம்பு பால் கொடுத்தனுப்பினார், தண்ணீர் கலக்காத பால்.

ஜெராக்ஸ் கடைப் பெண் மறுபடி அச்சிட்டுத் தாளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

“பின் அடித்து, கவரில் போட்டுத் தரட்டுமா அண்ணா?”

“ரெண்டும் வேண்டாம் அம்மா” என்றேன்.